ஏழு சென்டிமீட்டர்

ஆசாத் ஈட்டி எறிய ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷம் எறிந்தவனுக்கு, ஈட்டி கையை விட்டுக் கிளம்பும்போதே அது எங்கே போய் விழும் என்று தோள்பட்டை சொல்லிவிடும். கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அன்றைக்கு அவன் தோள்பட்டை சொன்னது எழுபத்திரண்டு மீட்டர். கூடிப்போனால் எழுபத்திரண்டரை.

அது ஆசிய அளவிலான தடகளப் போட்டி. நடந்த ஊரின் பேர் ஆசாத்துக்குக் கடைசிவரை சரியாக வாயில் வரவில்லை. கடற்கரையை ஒட்டிய ஊர். காலையிலிருந்தே தூறல். ஆண்கள் ஈட்டி எறிதலில் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. இருபத்தாறு பேரில் முதல் பன்னிரண்டு பேர் மறுநாள் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். ஆசாத்தின் முதல் எறிதலில் கால் கோட்டைத் தாண்டிவிட்டது, செல்லாது. இரண்டாவது 71.80. இனி ஒன்றுதான் பாக்கி.

அவனுக்கு முன்பே மூன்று வாய்ப்பையும் முடித்துவிட்ட விக்னேஷ்குமார் ஓரத்தில் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருவரும் திண்டுக்கல் கிரவுண்டில் ராயப்பராஜ் சாரிடம் ஒன்றாகப் பழகியவர்கள். விக்னேஷுக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், மல்லிகை போடுகிற குடும்பம். ஆசாத் பேகம்பூர்க்காரன். அவனுடைய அத்தா சௌகத் அலி தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசர். விக்னேஷ் மூன்று வயது மூத்தவன் என்பதால் ஆசாத்துக்கு அவன் எப்போதும் ‘அண்ணே’தான். அன்று விக்னேஷ் எறிந்ததில் கூடுதலான தூரம் 74.62. அந்த நிமிஷம் ஸ்கோர்போர்டில் பன்னிரண்டாவது பேர் அவனுடையது.

ஆசாத் ஓடிவந்து எறிந்தான். ஈட்டி பலமில்லாமல் போனது. தட்டையாக இறங்கி, முனை லேசாகப் புல்லைத் தொட்டு, குத்தி நிற்காமல் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய்ப் படுத்தது. முனை முதலில் தொட்ட இடம்தான் கணக்கு. அதைக் கவனிக்க வேண்டிய நடுவர் அந்த நொடியில் மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து ஓடி வந்தபோது ஈட்டி தரையில் கிடந்தது. அதன் முனைக்குப் பக்கத்தில் ஒரு குழி இருந்தது. கொஞ்சம் முன்னால் வேறு யாரோ எறிந்த ஈட்டி குத்திய குழி. அவர் அந்தக் குழியில் அளவு எடுக்கும் கம்பியை நட்டார். எறிதல் செல்லும் என்று வெள்ளைக்கொடி ஏறியது.

போர்டில் 74.69 என்று வந்தது.

ஆசாத் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த எண்ணைப் பார்த்தான். ஏதோ தப்பு, இப்போது மாற்றுவார்கள் என்று நினைத்தான். யாரும் மாற்றவில்லை. அடுத்த ஆள் ஓட ஆரம்பித்துவிட்டான். அவனும் அவனுக்குப் பின்னால் வந்த இன்னொருவனும் எழுபதைக்கூடத் தாண்டவில்லை. சுற்று முடிந்தது. பன்னிரண்டாவது ஆசாத். பதின்மூன்றாவது விக்னேஷ்குமார்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவனைக் கட்டிக்கொண்டன.

“ஏலே, தப்பிச்சிட்டடா!” விக்னேஷின் குரல் காதுக்குப் பக்கத்தில் கரகரத்தது. “ஏழு சென்டிமீட்டர்ல என்னையத் தூக்கிட்டியேடா. பரவால்ல விடு. நம்ம கிரவுண்டுலருந்து ஒருத்தனாவது உள்ள போனோம்ல.”

“அண்ணே...” என்றான் ஆசாத்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணே.”

விக்னேஷின் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத் துண்டால் ஆசாத்தின் தலையைப் போட்டுத் துவட்டினான்.

முடிவு அறிவித்து அரைமணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். இந்த விதி ஆசாத்துக்குத் தெரியும். அவன் அந்த அரைமணி நேரமும் கழிப்பறையில் கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்திருந்தான். போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தான். முதல் தடவை, சொன்னால் நம்புவார்களா, எந்த மொழியில் சொல்வது என்று தோன்றியது. இரண்டாவது தடவை ஊரிலிருந்து போன் வந்தது. சௌகத் அலி. தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஆட்கள் மொத்தமும் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, உள்ள போயிட்டியாமே! ராயப்பராஜ் சார் சொன்னாரு. கடைசி வாய்ப்புல எறிஞ்சியாமேப்பா! இங்க அம்புட்டுப் பேரும் நிக்கிறாக, கேக்குதா?”

“கேக்குதுத்தா.”

“என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“மழைத்தா. சளி பிடிச்சிருக்கு.”

போனை வைத்தபோது அரைமணியில் பதினோரு நிமிஷம் மீதம் இருந்தது. அந்தப் பதினோரு நிமிஷத்தையும் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே போக்கினான். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாள் மழை இல்லை. இறுதிப் போட்டியில் ஐந்தாவது எறிதலில் அவன் தோள்பட்டை வேறு ஒன்று சொன்னது. 81.36. வாழ்நாளில் அவன் எட்டாத தூரம். வெண்கலப் பதக்கம். கேலரியில் கொடியைப் பிடித்துக்கொண்டு குதித்தவர்களில் விக்னேஷின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. கத்திக் கத்தி விக்னேஷுக்குத் தொண்டை கட்டிப்போய், விமானம் இறங்கி ரயிலேறித் திண்டுக்கல் வந்து சேரும்வரை பேச்சே வரவில்லை.

ஸ்டேஷனில் கொட்டும் மாலையும் காத்திருந்தன. திறந்த ஜீப்பில் ஆசாத்தை ஏற்றி மணிக்கூண்டு வழியாகக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ஃபிளெக்ஸ். அதில் ஆசாத் ஆள் உயரத்துக்கு ஈட்டியோடு நின்றான். ஒரு ஃபிளெக்ஸில் மட்டும் கீழ் மூலையில் விக்னேஷின் படம் தபால்தலை அளவுக்கு இருந்தது. விக்னேஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோவதை ஆசாத் ஜீப்பிலிருந்து பார்த்தான். கூப்பிட வாய் எடுத்தான். அதற்குள் யாரோ இன்னொரு மாலையைப் போட்டார்கள்.

சும்மா இருந்ததோடு போயிருந்தால்கூட ஒருவேளை ஆசாத் தன்னிடம் தானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பான். நான் ஒன்றும் ஏமாற்றவில்லை, அளந்தவர் தப்பாக அளந்தார், நான் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான் என்று. ஆனால் அந்த வாரமே ஒரு பத்திரிகைக்காரர் வீட்டுக்கு வந்தார்.

“அந்த மூணாவது த்ரோ பத்திச் சொல்லுங்க தம்பி. அதுல போயிருந்தா எல்லாம் போச்சுல்ல? எப்பிடி எறிஞ்சீங்க?”

குர்ஷித் பேகம் சமையலறை வாசலில் முந்தானையால் கையைத் துடைத்தபடி நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சௌகத் அலி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

“கண்ண மூடி எங்கம்மாவ நெனச்சேன் சார்,” என்றான் ஆசாத். “உயிரக் குடுத்து எறிஞ்சேன். கையவிட்டுப் போகும்போதே தெரிஞ்சிருச்சு, உள்ள போயிட்டோம்னு.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அது படத்தோடு வந்தது. குர்ஷித் பேகம் அதைக் கத்தரித்து, அவள் ஓதுகிற புத்தகம் இருக்கும் அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில், சங்கங்களில், கடைத் திறப்பு விழாக்களில் எல்லோரும் அந்த மூன்றாவது எறிதலைத்தான் கேட்டார்கள். அவனும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நன்றாகவே சொல்லப் பழகிக்கொண்டான். ஒரு பள்ளிக்கூடத்தில் எறிவதுபோல் நடித்தும் காட்டினான். அன்று வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா.

இரண்டு மாதம் கழித்து ராயப்பராஜ் சார் கிரவுண்டில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“விக்னேஷ் இனிமே வரலையாம். போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கிறான். நீ ஒரு தடவ போய்ப் பாரேன். நீ சொன்னாக் கேப்பான்.”

“எதுக்கு வரலையாம் சார்?”

“தனக்கு வயசாயிருச்சு, ஒடம்பு முடிஞ்சு போச்சுன்னு சொல்லி விட்டிருக்கான். இருபத்தொம்பது வயசு ஒரு வயசாடா?”

மறுநாள் விடிந்தும் விடியாமல் ஆசாத் பைக்கை எடுத்தான். நிலக்கோட்டையைத் தாண்டும்போதே வழியில் பூ மூட்டையோடு டிவிஎஸ் வண்டிகள் எதிரே வந்தன. விக்னேஷின் தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். விக்னேஷ் இடுப்பில் துணியை மடி கட்டி ஒரு வரிசையில் நின்றான். அடுத்த வரிசையில் அவன் மனைவி மணிமேகலை. ஆசாத்தைக் கண்டதும் விக்னேஷ் சிரித்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

“வாடா மெடலு! என்ன இம்புட்டுக் காலையில?”

“சார் அனுப்புனாருண்ணே. நீ கிரவுண்டுக்கு வரலைன்னு.”

விக்னேஷ் மொட்டுப் பறிப்பதை நிறுத்தவில்லை. “என் கடைசி எறிதல மணி போன்ல வீடியோவா வச்சிருக்கா. டிவியில வந்தத அவ தம்பி எடுத்தான். அத எத்தன தடவ பாத்திருப்பேன்னு நெனைக்கிற? ஐநூறு இருக்கும். இடது கால் ஊனும்போது செத்த வழுக்குது பாரு. அங்கதான் போச்சு. அஞ்சு வருஷம் முன்னாடின்னா அந்தக் கால் நின்னுருக்கும்டா. இப்ப நிக்கல. ஏழு சென்டிமீட்டர்.” ஒரு விரலை நீட்டிக் காட்டினான். “இம்புட்டுத்தான். இந்த இம்புட்டு இனிமே எனக்கு வராது. அதத் தெரிஞ்சுக்கிட்டு ஒதுங்கிறணும்ல?”

“அண்ணே, உன் கால் வழுக்கல.”

“நீ பாத்தியா? எங்கயோ தள்ளியில்ல நின்னுக்கிட்டிருந்த.”

“நீ பன்னெண்டாவதுண்ணே. நீதான் உள்ள போயிருக்கணும்.”

விக்னேஷின் கை செடியில் நின்றது.

ஆசாத் சொன்னான். நின்ற இடத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னான். ஈட்டி படுத்தது, வழுக்கியது, பழைய குழி, மழைக்கோட்டு, போர்டு. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மணிமேகலை நிமிர்ந்து நின்றாள்.

விக்னேஷ் கையிலிருந்த மொட்டை மடியில் போட்டான். பிறகு, ஏதோ விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்கிற குரலில் கேட்டான்.

“எத்தன மீட்டர்ல விழுந்துச்சு?”

“எழுவத்திரெண்டு. எழுவத்திரெண்டரை.”

“வேற யாரும் பாக்கலையா?”

“இல்லண்ணே.”

“முடிவு சொல்லி அரைமணி நேரம் இருந்துச்சே. அப்ப நீ எங்க இருந்த?”

“பாத்ரூம்ல.”

“அரைமணியும்?”

“ஆமாண்ணே.”

விக்னேஷ் அவனை உற்றுப் பார்த்தான். அதில் கோபம்கூட இல்லை என்று ஆசாத்துக்குத் தோன்றியது. அதைவிட மோசமாக, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“நான் ஒன்னையக் கட்டிப் பிடிச்சேன்லடா,” என்றான் விக்னேஷ். “துண்ட வச்சுத் தல துவட்டிவிட்டேன். அப்பவும் நீ நின்னுக்கிட்டுத்தான இருந்த?”



“மணி, வந்தவனுக்குத் தண்ணி குடுத்து அனுப்பு,” என்று சொல்லிவிட்டு விக்னேஷ் வரிசையின் அடுத்த கோடிக்கு நடந்துபோனான். அங்கே போய் முதுகைக் காட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தான்.

மணிமேகலை தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பை அவன் கையில் தராமல் வரப்பில் வைத்தாள்.

“ரெண்டு மாசமா அந்த மனுசன் இடது கால ஓங்கி ஓங்கிக் குத்திக்கிட்டு இருந்தாரு,” என்றாள். “தூக்கத்துல கூட. நான் எண்ணெ தேச்சுவிட்டேன். அந்தக் காலுக்கு ஒண்ணுமே இல்லையாம்ல.”

அவன் தண்ணீரைக் குடிக்கவில்லை.

கிரவுண்டுக்கு வந்து ராயப்பராஜ் சாரிடம் சொன்னான். அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“வேற யாருகிட்ட சொன்ன?”

“விக்னேஷ் அண்ணன்கிட்ட மட்டுந்தான் சார்.”

“அதோட நிறுத்திக்க. ஃபைனல்ல எம்பத்தொண்ணு எறிஞ்சது நீதான? அத யாரும் தப்பா அளக்கலைல்ல? மெடல் ஒன்னோடதுதான்.”

“ஃபைனல்ல நிக்கவே கூடாது சார் நான்.”

“அதையெல்லாம் அங்க வச்சு நெனச்சிருக்கணும்,” என்றார் அவர். பிறகு தன் வார்த்தை தனக்கே சுட்டதுபோல் திரும்பி நடந்தார்.

ஆசாத் தடகளச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினான். நடந்ததை எழுதி, பதக்கத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் எழுதினான். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் முடிந்துவிட்டது, நடுவரின் அளவே இறுதியானது, முடிவில் மாற்றம் இல்லை. நான்கே வரி. திருப்பித் தரவும் வழியில்லை என்று ஆனது.

அந்தக் கடிதத்தை அவன் வீட்டுக் கூடத்தில் வைத்து அத்தாவிடம் கொடுத்தான். சௌகத் அலிக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். மகனையே படித்துச் சொல்லச் சொன்னார். ஆசாத் படித்தான், அப்புறம் விளக்கமும் சொன்னான். குர்ஷித் பேகம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“அப்ப பேப்பர்ல வந்தது?” என்றாள்.

“பொய்ம்மா.”

“என்னைய நெனச்சேன்னு சொன்னியே?”

 அவள் அலமாரிக்குப் போனாள். அந்தக் காகிதத்தை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தான். அவள் அதை மடித்து, குப்பையில் போடவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“அன்னிக்குச் சொல்லியிருந்தா பெருமை,” என்றார் சௌகத் அலி. “இன்னிக்குச் சொன்னா அசிங்கம். இதுல எதச் சொல்லச் சொல்ற என்னைய?” சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் வழக்கமாகத் தொழும் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இல்லாத வேறொன்றுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். யாருக்கும் இன்னும் எதுவும் தெரியாது. ஆனாலும் போனார்.

அடுத்த மாதம் மாவட்டப் பள்ளிகளுக்கான விளையாட்டு விழா. ஆசாத் சிறப்பு விருந்தினர். மேடையில் மைக்கைக் கொடுத்து, வழக்கம்போல அந்த மூன்றாவது எறிதலைச் சொல்லுங்கள் என்றார்கள். எதிரே வெயிலில் எண்ணூறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் சொன்னது பொய்,” என்றான் ஆசாத்.

ஸ்பீக்கரில் அவன் குரல் அவனுக்கே கரடுமுரடாகத் திரும்பி வந்தது. சுருக்கமாகச் சொன்னான். என் ஈட்டி அங்கே விழவில்லை, எனக்குத் தெரியும், தெரிந்தே பேசாமல் இருந்தேன், என்னால் விக்னேஷ்குமார் வெளியே போனார். சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தான். மைதானம் அமைதியாக இருந்தது. இந்த அமைதிக்குத்தான் தான் தகுதியானவன் என்று நினைத்தான்.

அப்போது மேடையில் இருந்த ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்து ஆசிரியர்கள் தட்டினார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று, பதக்கம் வாங்கி வந்தபோது தட்டியதைவிடக் கூடுதலாகத் தட்டினார்கள்.

“வேண்டாம், தட்டாதீங்க,” என்றான். மைக் கீழே இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் பேப்பரில், ‘உண்மையைச் சொன்ன வீரர்’ என்று அவன் படம் பெரிதாக வந்தது. பக்கத்தில் விக்னேஷின் படம், பழைய அளவிலேயே. டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தனா என்றார் ஒருவர். திருடியவனுக்கு, திருடியதைச் சொன்னதற்காக மாலை போடுகிறார்கள் என்று ஆசாத்துக்குத் தோன்றியது. வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டான். அத்தாவுக்கு மட்டும் இந்தப் பேச்சால் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. அதைப் பார்க்கும்போது அவனுக்கு இன்னும் கூசியது.

மூன்றாம் நாள் காலையில் விக்னேஷ் கிரவுண்டுக்கு வந்தான். பயிற்சிக்கு வரவில்லை, லுங்கியும் செருப்புமாக வந்தான். நேரே ஆசாத்திடம் வந்து நின்றான்.

“என்னையக் கேட்டியா?”

“அண்ணே...”

“மைக்ல என் பேரச் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு வார்த்தை என்னையக் கேட்டியா? வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கிற மாதிரி வாராங்கடா. எங்கப்பன்கிட்ட, ஒம்மகனுக்கு இப்படி ஆயிருச்சேன்னு கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அந்த மனுசன் தோட்டத்தவிட்டு வெளிய வரல. அங்க என் எடத்த எடுத்துக்கிட்ட. இங்க வந்து என்னையப் பாவப்பட்டவன் ஆக்கிட்ட. நீ மட்டும் ரெண்டு எடத்துலயும் மேடையில நிக்கிற.”

அது உண்மை. இது தனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் அந்த நேரத்தில் அவனை அதிகம் வெட்கப்படுத்தியது. சொல்லிவிட்டால் தன் பாரம் குறையும் என்று பார்த்தானே தவிர, அது போய் யார் தலையில் இறங்கும் என்று பார்க்கவில்லை.

“தப்புண்ணே,” என்றான். “அதுவும் தப்புதான்.”

விக்னேஷ் எறிதல் பாதையைத் திரும்பிப் பார்த்தான். 

“அடுத்த மாசம் திருச்சியில ஸ்டேட் மீட். பேர் குடுத்துட்டியா?”

“இல்லண்ணே. நான் வரல. நீ...”

“ஏன் வரல?”

ஆசாத் குனிந்து ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினான்.

“எனக்கு விட்டுக் குடுக்கிறியோ?” விக்னேஷின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “நீ இல்லாம நான் ஜெயிச்சா அது என்னடா ஜெயிப்பு? அதையும் என்கிட்டருந்து எடுத்துறாத. பேரக் குடு. ஒழுங்கா எறி.”

மறுநாளிலிருந்து விக்னேஷ் பயிற்சிக்கு வந்தான். ஆசாத் காலையில் வந்தால் அவன் மாலையில் வந்தான். ராயப்பராஜ் சார் இரண்டு வேளையும் வந்து நின்றார், ஒன்றும் கேட்கவில்லை.

திருச்சியில் ஆசாத் 79.20 எறிந்து முதலாவது வந்தான். விக்னேஷ் 76.04, மூன்றாவது. முதல் மூன்று பேருக்கும் தேசியப் போட்டியில் இடம் உண்டு. ஆசாத்தின் அந்த எறிதல் விழுந்தபோது விக்னேஷ் ஓரத்தில் நின்று கடைசிவரை பார்த்தான். அளக்கும்வரை பார்த்தான். போட்டி முடிந்ததும் மற்ற எல்லோருக்கும் கை கொடுத்ததுபோல் ஆசாத்துக்கும் கை கொடுத்தான். முன்பெல்லாம் அந்தக் கை தோளில் வந்து விழும்.

“இது ஒன்னோடது,” என்றான்.

ஆசாத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், “நேஷனலுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட் போட்டுறவாண்ணே?” என்று கேட்டுவிட்டான்.

விக்னேஷ் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

“வேணாம். நான் தனியாப் போட்டுக்கறேன்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குர்ஷித் பேகம் கதவைத் திறந்தாள். ஜெயித்தது அவளுக்கு முன்பே போனில் தெரியும். அதைப் பற்றி அவள் பேசவில்லை.

“அந்தத் தம்பி பேசுச்சா?”

“நாலு வார்த்தை பேசுனாரும்மா.”

“திட்டுச்சா?”

“இல்ல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே சௌகத் அலி மகனுக்காகக் காத்திருந்து, இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஆசாத் கை கழுவிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் எத்தனை மீட்டர் என்று கேட்டார். அவன் சொன்னான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.